மதிலின் வரலாறும் மறியலின் வரலாறும்

புளியந்தீவுக் கோட்டையைப் பார்க்க வருவோர்க்கு நாம் சொல்லும் வரலாறு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுவது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795இல் பிரித்தானியர் வசமாயிற்று. பின்னர் கச்சேரி பல்லாண்டுகள் அதனுள்ளேயே இயங்கிற்று. ஆண்டுகளில் பிழையில்லை. ஆனால் இவ்வரலாற்றில் வருவோர் கட்டியவரும் கைப்பற்றியவரும் மட்டுமே. கல் சுமந்தவன் இல்லை. சங்கிலியிற் கட்டுண்டவன் இல்லை. வாயிலில் மனுவோடு காத்து நின்றவளும் இல்லை. மதிலுக்கு வரலாறு எழுதினோம்; மதிலுக்கு உள்ளே இருந்தோர்க்கு எழுதவில்லை.

கோட்டையைப் பொறுத்தவரை இக்குறை பொறுக்கத்தக்கது எனச் சிலர் கருதலாம். சிறைச்சாலையைப் பொறுத்தவரை அது பொறுக்கத்தக்கதன்று. ஏனெனில் ஒரு சிறையின் வரலாறு என்பது அங்கு அடைக்கப்பட்டோரின் வரலாறேயன்றி வேறில்லை. காலனித்துவ ஆட்சி விட்டுச் சென்ற சிறைகள் உலகெங்கும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. அவற்றை விடுதியாக்கலாமா, காட்சிச்சாலையாக்கலாமா, வீரர்களின் நினைவாலயமாக்கலாமா என்பதே இன்றைய வாதம். இம்மூன்றுமே மெய்யான கேள்வியைத் தட்டிக் கழிப்பன என்பது என் துணிபு. அங்கே யார் அடைக்கப்பட்டனர், எச்சட்டத்தின் பெயரால், எவர் நலன் கருதி என்பதே அக்கேள்வி. இதனைக் கேளாதவர்களுள் ஆட்சியாளரும் உளர், நாமும் உளோம். முதலில் அவர்களையும், பின்னர் நம்மையும் நோக்குவோம்.

குறித்த காலத்துக்கு மனிதனைப் பூட்டி வைப்பதே தண்டனை என்னும் முறையை இந்நாட்டில் நிலைநிறுத்தியவர்கள் பிரித்தானியர். மன்னர் காலத்திலும் சிறை இருந்தது. ஒல்லாந்தரின் கோட்டைகளில் விலங்கிட்டு வேலை வாங்கப்பட்டோரும் இருந்தனர். எனினும் தீவு முழுவதற்கும் பொதுவான சிறை நிருவாகம், பதிவேடு, சீருடை, நாட்கணக்கு என்பன பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆக்கங்கள். கொழும்பில் வெலிக்கடைச் சிறை 1841இல் எழுந்தது. அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் பிறந்ததும் அதே 1841இலேயே. தொழிலின்றித் தெருவில் திரிதல் குற்றமாக்கப்பட்ட ஆண்டும், குற்றவாளியை அடைக்கப் பெருஞ்சிறை எழுந்த ஆண்டும் ஒன்றாயிருத்தல் சிந்திக்கத்தக்கது. பெருந்தோட்டப் பொருளாதாரம் மலைநாட்டில் வேரூன்றிக்கொண்டிருந்த காலம் அது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டகன்ற தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் தோணியேறியும் வந்த நம் உறவினருக்கு, துரையின் தோட்டத்தை விட்டுப் போவதே குற்றமாயிற்று. கண்டியிலே போகம்பறைச் சிறை 1876இல் அமைந்தது. அடுத்த ஆண்டே சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1877ஆம் ஆண்டின் அச்சட்டமும் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டமும், திருத்தங்கள் பல கண்டபோதும், சுதந்திரத்தின் பின்னரும் சட்டப்புத்தகத்தை விட்டு நீங்கவில்லை. வெள்ளையன் போனான், அவன் பூட்டுக்குச் செய்த சாவி இங்கேயே தங்கிவிட்டது.

இவ்வாறு எழுந்த சிறைகள் மூடப்படும்போது நிகழ்வது யாது? அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையைப் பார்ப்போம். பிறிமான்ரில் நகரின் சிறை, பிரித்தானியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளாலேயே 1850களிற் சுண்ணக்கல்லாற் கட்டப்பட்டது. 1991இல் மூடப்பட்டது, 2010இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. இன்று காசு கொடுத்து அதனுள்ளே சுற்றி வரலாம். தம் நாட்டைக் கட்டிய வெள்ளைக் கைதியை அந்நாட்டவர் இன்று பெருமையோடு நினைவுகூர்கின்றனர். தம் மூதாதை ஒரு கைதி எனச் சொல்லிக்கொள்வதிலே வெட்கம் இல்லாத நிலையும் தோன்றியுள்ளது. நன்று. ஆனால் அந்நகரின் கரைக்கு எதிரே கடலில் றொட்னெஸ்ற் என்றொரு தீவு இருக்கிறது. அம்மண்ணின் ஆதிக்குடிகள் அதனை வாட்ஜெமப் என்பர். 1838 முதல் 1931 வரை, ஏறக்குறைய 3,700 ஆதிக்குடி ஆண்களும் சிறுவரும் அத்தீவிற் சிறை வைக்கப்பட்டனர். வெள்ளையரின் மாட்டை வேட்டையாடியமையும், தம் நிலத்திலே தாம் நடமாடியமையும் அவர்களிற் பலர் செய்த குற்றங்கள். முந்நூற்றறுபதுக்கு மேற்பட்டோர் அங்கேயே மாண்டு, பெயர்ப்பலகை ஒன்றுமின்றிப் புதைக்கப்பட்டனர்.

அத்தீவு பின்னர் உல்லாசத் தலமாயிற்று. 1864இல் அமைந்த சிறைக்கட்டிடம் விடுமுறைக்கு வருவோர் தங்கும் அறைகளாயிற்று. 2018 வரையில் அவ்வறைகளில் மக்கள் வாடகைக்குத் தங்கினர். புதைகுழிகள் இருந்த நிலத்தின்மேற் பல பத்தாண்டுகள் கூடாரமடித்துக் குடும்பங்கள் விடுமுறை கழித்தன. கீழே யார் உறங்குகின்றனர் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஒரே கரையின் இரு சிறைகளில், வெள்ளைக் கைதியின் சிறை மரபுரிமையாயிற்று. கறுப்புக் கைதியின் சிறை கட்டிலும் மெத்தையுமாயிற்று. எந்தச் சிறை நினைவாகும், எந்தச் சிறை விடுதியாகும் என்பதைத் தீர்மானிப்பது கட்டிடத்தின் அழகன்று. அடைக்கப்பட்டவன் யாருடைய பிள்ளை என்பதே.

அவுஸ்திரேலியாவைக் கண்டித்துவிட்டு அமைதியடைவது எளிது. யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே, நீர் நடுவில் ஹமன்ஹீல் என்னும் கடற்கோட்டை உள்ளது. அது சிறையாகவும் பயன்பட்டது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது தெற்கின் சிங்கள இளைஞர்கள் அங்கே அடைக்கப்பட்டனர். இன்று அது கடற்படை நடத்தும் விடுதி. நம் நாட்டின் ஏழை இளைஞரைச் சங்கிலியிட்ட அறையிலே கடற்காற்று வாங்கி உறங்குவது ஓர் இன்பமாக விற்கப்படுகிறது. றொட்னெஸ்றில் நிகழ்ந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு எவரேனும் விளக்குவாராக.

போகம்பறையின் கதை இன்னொரு வகையில் அறிவூட்டுவது. 2014 சனவரியில் அச்சிறை மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். நகரின் நடுவேயுள்ள அந்நிலத்தை என்ன செய்யலாம், பயணிகளை எவ்வாறு ஈர்க்கலாம் என்ற பேச்சு எழுந்தது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது, "முன்னாட் சிறை" எனப்பட்ட அக்கட்டிடத்தின் கதவுகள் மறுபடி திறந்தன. தொற்றுக்கு ஆளான கைதிகள் உள்ளே கொண்டுவந்து அடைக்கப்பட்டனர். அடைக்கப்படுவோர் இருக்கும்வரை எச்சிறையும் முன்னாட் சிறையன்று என்பதை இதனினும் தெளிவாக எக்கட்டுரையாளனும் எழுதிவிட முடியாது.

இதுவரை பிறரைச் சாடினேன். இனி நம்மவரை நோக்கி வருகிறேன். இப்பகுதி இவ்விதழின் வாசகர்க்கு உவப்பாயிராது என்பதை அறிவேன்.

மட்டக்களப்புச் சிறை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது 1983 செப்டெம்பர் 23ஆம் நாள். அவ்வாண்டு யூலை 25ஆம் 27ஆம் நாட்களில் வெலிக்கடையிலே தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். இரண்டு மாதங்கள் கழியுமுன் அவர்கள் சிறையை உடைத்து வெளியேறினர். சாவின் வாயிலிருந்து மீண்டவர்கள் தம் கையாலே தம் கதவைத் திறந்தனர் என்பதிற் பெருமை கொள்ள நமக்கு உரிமையுண்டு. அப்பெருமையை நான் குறைக்க முயலவில்லை. நான் கேட்பது வேறு. அரசியற் கைதிகள் நாற்பதுக்கு மேற்பட்டோர் அன்று தப்பினர் என்று நாம் எழுதுகிறோம். அவர்களுட் பலரின் பெயரும் இயக்கமும் பின்னாள் வாழ்வும் நமக்குத் தெரியும். அதே இரவில், அதே வாயிலால், நூற்றுக்கும் மேற்பட்ட வேறு கைதிகளும் வெளியேறினர். அவர்கள் யார்? எவ்வூரினர்? எக்குற்றத்துக்காக உள்ளே இருந்தனர்? பின் என்ன ஆயினர்? நம் நூல்கள் அவர்களை "ஏனையோர்" என்ற ஒற்றைச் சொல்லாற் கடந்து போகின்றன. சிறைப்பதிவேட்டிலாவது அவர்களுக்கு ஆளுக்கொரு பெயர் இருந்தது; விடுதலையின் வரலாற்றிலே அதுவும் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. அந்த இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் நிர்மலா நித்தியானந்தன் பெண்கள் பகுதியிலேயே விடப்பட்டார். அடுத்த ஆண்டிலேதான் இயக்கமொன்று அவரை அங்கிருந்து மீட்டது. வீரக்கதையை நாம் சொல்லும்போது இதனை ஒரு துணைச் செய்தியாகச் சொல்லிச் செல்கிறோம். படித்தவர், அறியப்பட்டவர், அரசியற் கைதி. அவருக்கே இந்நிலையென்றால், பெயர் தெரியாத ஏழைப் பெண்கைதிக்கு நம் வரலாற்றில் எந்த மூலையில் இடம் கிடைக்கும்?

இது மட்டக்களப்பாருக்கு மட்டும் உரிய குறையன்று. அந்தமான் சிற்றறைச் சிறை 1906இற் கட்டி முடிக்கப்பட்டு, 1979இல் இந்தியாவின் தேசிய நினைவாலயமாயிற்று. விடுதலை வீரர்களின் பெயர்கள் அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அத்தீவிற் காடு வெட்டிக் கல் சுமந்து உழைத்த ஆயிரமாயிரம் சாதாரணக் கைதிகளுக்கு அத்தகைய கல் எங்கே? கோயம்புத்தூர்ச் சிறையிலே வ. உ. சிதம்பரம்பிள்ளை செக்கிழுத்ததை எண்ணிக் கண்ணீர் விடாத தமிழன் இல்லை. ஒரு வழக்கறிஞரை மாடுபோற் பூட்டினார்களே என்று பதறுகிறோம். அவருக்கு முன்னும் பின்னும் சிறைகளில் அதே வேலையைச் செய்த பெயரற்றவர்களுக்காகப் பதறியோமா? செக்கு கொடியதா, அன்றிச் செக்கில் உயர்ந்தோரைப் பூட்டியது மட்டுமே கொடியதா? இக்கேள்விக்கு நேர்மையாக விடை சொன்னாலன்றிச் சிறையைக் கண்டிக்கும் தகுதி நமக்கு வாராது.

இதனை நான் நூலிலிருந்து மட்டும் எழுதவில்லை. எங்கள் பகுதியிலே சிறைக்குப் போனான் என்று சொல்வதைவிட மறியலுக்குப் போனான் என்பதே பழகிய வழக்கு. என் மாமா ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர். 1979இல் மூன்றாண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டம் அது. அவர் பட்ட துன்பம் எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தினர்க்கெல்லாம் சொல்லப்படும், சொல்லப்பட வேண்டியதே. என் அம்மப்பாவும் மறியலுக்குப் போனவர். கசிப்பு வழக்கொன்றிலே தண்டப்பணம் கட்ட வழியின்றிச் சில வாரங்கள் இருந்தார். அவர் இறந்து ஆண்டுகள் கழிந்த பின், அக்காவின் கலியாணப் பேச்சிலே எதிர்த்தரப்பார் குத்திக் காட்டியபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. அன்று அம்மா அழுதார். ஆனால் மறுத்துப் பேசவில்லை. ஒரே குடும்பத்தில் ஒரு மறியல் மதிப்பாயிற்று, மற்றது மானக்கேடாயிற்று. இரண்டிலும் பூட்டியது ஒரே சட்டப்புத்தகத்தை வைத்திருந்த அரசே என்பதை அன்று எவரும் எண்ணவில்லை.

என் அம்மப்பா விதிவிலக்கானவர் அல்லர். இந்நாட்டிலே தண்டனை பெற்றுச் சிறை செல்வோருட் பெருந்தொகையினர், கட்டளையிடப்பட்ட தண்டப்பணத்தைக் கட்ட இயலாதவர்கள் என்பதைச் சிறைச்சாலைகள் திணைக்களத்தின் ஆண்டுப் புள்ளிவிவரங்களே ஆண்டுதோறும் காட்டி வருகின்றன. பணமிருந்தால் நீதிமன்ற வாயிலோடு வீடு திரும்பியிருப்பர். இல்லாமையே அவர்களைப் பூட்டியது. இவர்களை அரசியலற்ற கைதிகள் என்று பெயரிட்டு ஒதுக்குவோர், அரசியல் என்பதற்கு என்ன பொருள் கொள்கின்றனரோ யான் அறியேன்.

இவ்விடத்தில் ஒரு வலிய மறுப்பு எழும். "வெலிக்கடையில் நம்மவரை வெட்டிக் கொன்றவர்கள் யார்? நீ பரிந்து பேசும் அந்தச் சாதாரணக் கைதிகள் அல்லரோ?" என்று கேட்பர். உண்மை. கொன்ற கை கைதியின் கை. ஆனால் பூட்டிய அறைகளின் கதவு தானே திறந்ததா? ஆயுதம் தானே கைக்கு வந்ததா? ஒரு நாள் நிகழ்ந்தது, இடையில் ஒருநாள் கழித்து மறுபடியும் எவ்வாறு நிகழ்ந்தது? காவலரின் உடந்தையின்றி அது நிகழ்ந்திராது. அக்கொலைகளுக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. கைதியைக் கைதிக்கு எதிராக ஏவுவது சிறையின் பழைய தந்திரம். ஏவப்பட்டவனின் இனத்தை நினைவில் வைத்து, ஏவியவனின் பதவியை மறந்துவிடுதல் அத்தந்திரத்துக்கு நாம் செய்யும் உதவி. 2012 நவம்பரில் அதே வெலிக்கடையிலே 27 கைதிகள் கொல்லப்பட்டனர். 2020 நவம்பரில் மகரைச் சிறையில் 11 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழர் அல்லர். 2012ஆம் ஆண்டுக் கொலைகளுக்காக 2022இல் நீதிமன்றம் ஓர் உயர் சிறையதிகாரிக்கு மரணதண்டனை விதித்தது. 1983இன் சாவி எவர் கையில் இருந்தது என்பது விசாரிக்கப்பட்டிருந்தால், 2012இலே அதே மதிலுக்குள் பிணங்கள் விழுந்திருக்குமா என்ற கேள்வி சிங்களத் தாய்க்கும் உரியது. தமிழ்த் தாய்க்கும் உரியது.

மற்றொரு மறுப்பு, "கொள்ளையனையும் கொலைஞனையும் போராளியோடு சமமாக்குகிறாய்" என்பது. நான் குற்றங்களைச் சமமாக்கவில்லை. குற்றம் செய்தவன் குற்றம் செய்தவனே. ஆயினும் வரலாற்றில் இடம்பெறுவதற்கு நற்சான்றிதழ் தேவையில்லை. மன்னர்க்கு வரலாறு எழுதும்போது அவர்தம் கொலைகளை எண்ணிப் பார்த்தா எழுதுகிறோம்?

மூன்றாவது மறுப்பு நம் ஆசிரியர்களிடமிருந்து வரக்கூடும்: சாதாரணக் கைதியைப் பற்றி எழுத ஆதாரம் எங்கே என்பது. இதற்கு மட்டும் பணிவுடன் ஒன்று கூறுவேன். பிரித்தானியர் எதையும் எழுதாமல் விட்டவர் அல்லர். அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள், ஆண்டு நிருவாக அறிக்கைகள் எனத் தேசிய சுவடிக்கூடத்தில் எழுத்து உண்டு. அவை அதிகாரியின் பார்வையிலே எழுதப்பட்டவை, உண்மை. ஆனால் செப்பேடும் கல்வெட்டும் யார் பார்வையில் எழுதப்பட்டவை? அவற்றை வாசித்துக் குடியானவனின் நிலையை உய்த்துணர நமக்குக் கற்பித்தவர்கள் நீங்களே. அம்முறையைச் சிறைப்பதிவேட்டுக்கும் பிரயோகிக்க எது தடை? எழுத்தில் இல்லாதது வாவிக்கரையின் இரு புறத்தும், எழுவானிலும் படுவானிலும், முதியோர் நினைவில் இன்னும் இருக்கிறது. அதுவும் நெடுநாள் இராது.

மூடிய சிறையை என்ன செய்வது என்ற கேள்வி தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலை காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்கோட்டத்துக்குச் செல்கிறாள். பசித்திருந்த கைதிகளுக்கு அமுதசுரபியால் உணவளிக்கிறாள். வேண்டுவது யாது என்று சோழ மன்னன் கேட்டபோது, அச்சிறையை ஒழித்து அறக்கோட்டமாக்குமாறு வேண்டுகிறாள், அவ்வாறே நிகழ்கிறது. அவள் செய்தவற்றின் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். முதலில் உள்ளே இருந்தோரைக் கண்டாள். அடுத்து அவர்தம் பசி தீர்த்தாள். கட்டிடத்தைப் பற்றிப் பேசியது அதன் பின்னரே. அவர்கள் எக்குற்றத்துக்காக அடைபட்டனர் என்று அவள் வினவவும் இல்லை. நாமோ கட்டிடத்திலே தொடங்கிக் கட்டிடத்திலேயே முடிக்கிறோம்.

பதிவேட்டின் அருமையை நமக்குப் பிறர் வந்து சொல்ல வேண்டியதில்லை. நாம் பயிலும் இந்த வந்தாறுமூலை வளாகம் 1990இல் ஏதிலிகள் முகாமாயிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் இங்கிருந்து 158 பேரைப் படையினர் கொண்டு சென்றனர். அவர்கள் திரும்பவில்லை. ஏறத்தாழ நூற்றைம்பது பேர் என்று சொல்லாமல் 158 என்று இன்றும் நம்மாற் சொல்ல முடிவது, அவர்தம் பெயர்களைப் பேணியோர் இருந்தமையாலேயே. ஒவ்வொரு பெயரையும் காத்தல் என்பதன் பொருளை இந்த வளாகத்து மாணவன் அறியாவிட்டால் வேறு எவன் அறிவான்?

மட்டக்களப்புச் சிறை இன்றும் இயங்குகிறது. ஒரு நாள் அதுவும் மூடப்படும். அன்று வாவியை நோக்கிய அறைகள் என்று விளம்பரம் செய்ய ஒரு கூட்டம் வரும். 1983க்கு மட்டும் சிலை வைக்க இன்னொரு கூட்டம் வரும். அந்நாளுக்கு முன்னரே நாம் செய்யத்தக்கது உண்டு. நம் வரலாற்றுத்துறையும் தமிழ்த்துறையும் இணைந்து, அச்சிறை சென்று மீண்டோரின் வாய்மொழிகளை, அரசியற் கைதி, ஏனைய கைதி என்ற பாகுபாடின்றித் தொகுக்கத் தொடங்க வேண்டும். தம் பெயர் வெளிவர விரும்பாதோரின் பெயரை மறைத்தும் கதையைக் காக்கலாம். பதிவேடுகள் செல்லரித்துப் போகுமுன் அவற்றைப் பார்வையிடும் உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும். தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் பட்டிமன்றத்துக்குச் செலவிடும் உழைப்பிற் பாதி இதற்குப் போதும்.

நான் என் பங்கைத் தொடங்கிவிட்டேன். கடந்த விடுமுறையில், என் அம்மப்பா எந்த ஆண்டில், எத்தனை வாரங்கள், எவ்வளவு தண்டப்பணத்துக்காக மறியலில் இருந்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். முதலிற் பேச மறுத்தார். பின்னர் ஒரு மாலை முழுவதும் பேசினார், நான் எழுதிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அதுவரை இரு கதைகளில் ஒன்றே சொல்லப்பட்டு வந்தது. இனி இரண்டும் சொல்லப்படும்.